மூன்றாமவர் செலவில் வாங்கிய அமைதி



அரசியல் நாகரிகம் என்றதும் தமிழ் மேடைகளில் தவறாமல் எடுத்துச் சொல்லப்படும் காட்சி ஒன்று உண்டு. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தார். அவரோடு வாழ்நாளெல்லாம் கொள்கைப் போர் நடத்திய பெரியார், தொண்ணூற்று மூன்று வயதில், சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து கண்கலங்கினார். இதைக் கேட்டு நெகிழாத தமிழர் குறைவு. நெகிழ வேண்டியதும்தான். ஆனாலும் இந்த உதாரணம் எளிதாகக் கைக்கு வந்துவிடுவதாலேயே நம்மிடம் ஒன்றை மறைத்துவிடுகிறது. அந்த இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். நேருக்கு நேர் நண்பர்களாகவும் இருந்தார்கள். அந்தக் கண்ணீருக்கு அங்கே இல்லாத எவரும் விலை கொடுக்கவில்லை. பெரும்பாலான அரசியல் இணக்கங்கள் அப்படிப்பட்டவை அல்ல. இரு தரப்பார் கைகுலுக்கும்போது செலவுக் கணக்கு மூன்றாவது ஒருவர் பேரில் எழுதப்படுகிறது. அந்த மூன்றாமவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கிறிஸ்தவன் என்ற முறையில் பேசும்படி கேட்டுக்கொண்டீர்கள். சிலுவையை நடுவில் வைத்திருக்கும் ஒரு சமயத்தைச் சேர்ந்தவனுக்கு இந்தப் பொருளிலிருந்து நழுவ வழியில்லை.

இந்த மும்பையின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1960இல் தொடங்கிய ‘மார்மிக்’ என்ற மராத்தி வார இதழ், பம்பாய் நிறுவனங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டது. வசைபாட வேண்டிய அவசியம்கூட அதற்கு இருக்கவில்லை. பெயர்களை அடுத்தடுத்து அச்சிட்டால் போதும். வாசிப்பவர் தாமே கோபப்பட்டுக்கொள்வார். 1966 ஜூன் 19 அன்று சிவசேனை பிறந்தது. உடுப்பி ஓட்டல்கள் கல்லடி பட்டன. லுங்கி ஒரு கேலிக் கோஷமாயிற்று. 1969 பிப்ரவரியில் மைசூர் எல்லைத் தகராறை ஒட்டி எழுந்த கலவரத்தில் நகரம் நாள்கணக்கில் முடங்கியது. பிறகு, எழுபதுகளில், தென்னிந்தியர் மீதான இந்தப் பகை மெல்லத் தணிந்தது. எப்படித் தணிந்தது என்று நாம் கேட்டுக்கொள்வதே இல்லை. யாரும் தவற்றை ஒப்புக்கொண்டு வரவில்லை. உடைந்த கடைக்கு எவரும் ஈடு கொடுத்ததாக நம் சமூகத்தின் நினைவில் எதுவும் இல்லை. இலக்கு இடம் மாறியது, அவ்வளவே. முதலில் கம்யூனிஸ்டுகள், 1970 ஜூனில் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் கொலையுண்டார். அப்புறம் முஸ்லிம்கள். 2008இல், அந்தக் கட்சியிலிருந்து பிரிந்து போனவர்கள் கையில், வட இந்திய டாக்சி ஓட்டுநர்களும் ரயில்வே தேர்வெழுத வந்த இளைஞர்களும். இதற்கிடையில் நம்மைப் பழித்தவர்களே நம் குடியிருப்புகளுக்கு வந்து வாக்குக் கேட்டார்கள். நாமும் தேநீர் கொடுத்து உட்கார வைத்தோம். அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தேநீரை அரசியல் நாகரிகத்தின் வெற்றி என்று சொல்வதற்கு முன், நமக்குக் கிடைத்த நிம்மதி யாருடைய வாசலிலிருந்து எடுத்து வரப்பட்டது என்று பார்க்க வேண்டும்.

லூக்கா நற்செய்தியின் 23ஆம் அதிகாரத்தில், பெரும்பாலான பிரசங்கங்கள் கவனிக்காமல் தாண்டிப்போகும் ஒரு தகவல் இருக்கிறது. இயேசுவைப் பிடித்து வந்தபோது பிலாத்து அவரை ஏரோதிடம் அனுப்புகிறான்; ஏரோது பரியாசம் பண்ணித் திருப்பி அனுப்புகிறான். அதுவரை பகைவர்களாக இருந்த இருவரும் அந்த நாளிலிருந்து சிநேகிதரானார்கள் என்று லூக்கா குறிப்பு எழுதுகிறார். ரோம ஆளுநருக்கும் கலிலேயா சிற்றரசனுக்கும் இடையில் முறையான மரியாதைப் பரிமாற்றம் நடந்தது. ஒருவர் அதிகார எல்லையை மற்றவர் மதித்தார். ராஜதந்திர நாகரிகத்துக்கு அதில் குறையே இல்லை. நடுவில் கட்டப்பட்ட கைகளோடு ஒருவர் அங்குமிங்கும் அலைக்கழிக்கப்பட்டார் என்பது தவிர. என் வாதம் இவ்வளவுதான்: ஓர் அரசியல் இணக்கம் நாகரிகமானதா என்பதைக் கைகுலுக்கும் இருவரின் சொற்களை வைத்து அளக்க முடியாது. அங்கே இல்லாதவருக்கு என்ன நேர்ந்தது என்பதை வைத்தே அளக்க வேண்டும். கிறிஸ்தவ வேதம் பாவநிவாரணம் என்று சொல்வதும், சரியாகப் படித்தால், இந்த அளவைக்குத்தான் நம்மைக் கொண்டுவந்து நிறுத்துகிறது.

அதிகச் சான்றுகள் உள்ள இடத்துக்கு வருகிறேன். 1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்ட செய்தி வந்த மாலையில், தாராவியில் கொண்டாட்டச் சைக்கிள் ஊர்வலம் ஒன்று போய் காலா கில்லாவில் கூட்டமாக முடிந்தது. அந்த டிசம்பரிலும் அடுத்த ஜனவரியிலும் நகரம் முழுவதும் 900 பேர் இறந்தார்கள். அவர்களில் 575 பேர் முஸ்லிம்கள், 275 பேர் இந்துக்கள், மற்றவர்கள் பிற சமூகத்தாரும் அடையாளம் தெரியாதவர்களும். ஜோகேஸ்வரியில் ராதாபாய் சாலில் உறங்கிக்கொண்டிருந்த இந்துக் குடும்பத்தை எரித்தவர்களும் உண்டு, சுலைமான் பேக்கரிக்குள் புகுந்து சுட்ட காவலர்களும் உண்டு. மார்ச் 12 அன்று தொடர் குண்டுகள் வெடித்து 257 பேர் மாண்டார்கள். கலவரத்தை விசாரிக்க 1993 ஜனவரியில் அமர்த்தப்பட்ட நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா ஆணையத்தை, 1996இல் சிவசேனை - பாஜக அரசு கலைத்தது. சில மாதங்களில் மீண்டும் உயிர் கொடுத்தது. 1998 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. ஜனவரித் தாக்குதல்களைத் திட்டமிட்டு முன்னின்று நடத்தியதில் சிவசேனைக்கும் அதன் தலைவருக்கும் இருந்த பங்கை அது பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. காவல்துறையின் ஒருபக்கச் சாய்வையும் சொல்லி, 31 காவலர்கள் மீது நடவடிக்கை வேண்டும் என்றது. அன்றைய அரசு அறிக்கையை ஒருதலைப்பட்சமானது என்று ஒதுக்கிவிட்டது. அதில் வியப்பில்லை. வியப்பு அதற்குப் பிறகுதான். அறிக்கையைச் செயல்படுத்துவோம் என்று சொல்லி 1999இல் ஆட்சிக்கு வந்த எதிரணி, பதினைந்து ஆண்டுகள் அடுத்தடுத்து ஆண்டது. 2000 ஜூலையில் சிவசேனைத் தலைவரைப் பழைய தலையங்கங்களுக்காகக் கைது செய்தார்கள். வழக்கு காலாவதியாகிவிட்டது என்று நீதிமன்றம் அன்றைக்கே விடுவித்தது. 2008இல் ஒரு முன்னாள் எம்.பி.க்கு வெறுப்புப் பேச்சுக்காக ஓராண்டுத் தண்டனை கிடைத்தது. ஜாமீனிலேயே இருந்து மறைந்தார். குண்டுவெடிப்பு வழக்கிலோ 100 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாயிற்று, ஒருவர் 2015இல் தூக்கிலிடப்பட்டார். குண்டு வைத்தவர்கள் தண்டிக்கப்பட்டது சரி. அதே தராசு கலவரத்துக்கு மட்டும் ஏன் எடுக்கப்படவில்லை என்ற கேள்வி மிஞ்சுகிறது.

சட்டமன்றத்தில் ஒருவரையொருவர் கிழித்துத் தொங்கவிட்ட கட்சிகள் ஒரு விஷயத்தில் மட்டும் அசாதாரணமான பண்போடு நடந்துகொண்டன: அந்தக் கோப்பை எவரும் முழுதாகத் திறக்கவில்லை. 2019 நவம்பரில் சிவசேனையும் அதன் பழைய எதிரிகளும் ஒரே அமைச்சரவையில் அமர்ந்தபோது, அரசியலில் கசப்பு குறைந்தது என்று பாராட்டியவர்கள் உண்டு. குறைந்தது உண்மை. ஏரோதும் பிலாத்தும் சிநேகிதரான நாளிலும் எருசலேமில் கசப்பு குறைந்துதான் இருக்கும். கலவரத்தில் காணாமற்போனவர்களின் குடும்பங்களைப் பற்றிய முடிவு உச்ச நீதிமன்றத்திலிருந்து 2022 நவம்பர் 4 அன்றுதான் வந்தது. மக்களைக் காக்க அரசு தவறிவிட்டது என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. காணாமற்போன 168 பேரில் 60 பேரின் வாரிசுகளுக்கே அதுவரை உதவித்தொகை போயிருந்தது. மீதி 108 பேரின் வாரிசுகளைத் தேடிப்பிடித்து, தலைக்கு 2 லட்சம் ரூபாய், தாமதத்துக்கு ஆண்டுக்கு 9 விழுக்காடு வட்டியோடு கொடுக்கச் சொன்னது. தூங்கிக்கொண்டிருந்த 97 வழக்குகளைத் தட்டியெழுப்பவும் சொன்னது. முப்பது ஆண்டுகள் கழித்து.

இந்தத் தீர்ப்பை வேதாகமம் படிப்பவன் படித்தால் அவனுக்கு லேவியராகமம்தான் நினைவுக்கு வரும். பாவநிவாரணம் என்றால் பலிபீடம், இரத்தம், போக்காடு என்று மட்டும் நினைப்பவர்கள் அந்தப் புத்தகத்தின் 6ஆம் அதிகாரத்தைப் பார்க்க வேண்டும். அயலானை ஏமாற்றியவன், பறித்தவன், பொய்யாணையிட்டவன் என்ன செய்ய வேண்டும்? எடுத்ததை முழுவதும் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, உரியவன் கையில் கொடுக்க வேண்டும். ஆட்டுக்கடாவைக் கொண்டு ஆசாரியனிடம் போவது அதோடு சேர்ந்த காரியம். ஆடு கொடுத்தேன் என்று சொல்லி ஈட்டை விட்டுவிட முடியாது. பிற்கால யூத ரபீக்கள் இதையே இன்னும் கறாராக்கினார்கள். மனிதன் கடவுளுக்குச் செய்த குற்றத்துக்குப் பாவநிவாரண நாள் போதும். மனிதன் மனிதனுக்குச் செய்த குற்றத்துக்கு, பாதிக்கப்பட்டவனைச் சமாதானப்படுத்தும்வரை அந்த நாளும் உதவாது என்று அவர்களுடைய சட்டத் தொகுப்பான மிஷ்னா வகுத்தது. மலைப்பிரசங்கமும் இந்த வரிசையைத்தான் சொல்கிறது: காணிக்கையைப் பீடத்துக்கு முன் வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போ. சகேயு என்ற ஆயக்காரன் இயேசுவை வீட்டில் ஏற்றுக்கொண்டபோது வாய்ச்சொல்லால் வருந்தவில்லை. சொத்தில் பாதியை ஏழைகளுக்கும், ஏமாற்றியதை நாலத்தனையாக உரியவர்களுக்கும் கொடுப்பதாகக் கணக்குச் சொன்னான். இரட்சிப்பு வந்தது என்ற அறிவிப்பு அந்தக் கணக்குக்குப் பிறகே வருகிறது. நம்முடைய எழுப்புதல் கூட்டங்களில் சகேயு காட்டத்தி மரத்தில் ஏறியதைப் பற்றிப் பேசும் நேரத்தில் பத்தில் ஒரு பங்காவது அவன் கணக்குக்குக் கிடைத்தால் நன்றாயிருக்கும்.

இங்கே கேட்கப்பட வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. சிந்திக்கிற இந்து நண்பரும் முஸ்லிம் நண்பரும் கேட்பார்கள், கிறிஸ்தவர்களும் உள்ளுக்குள் கேட்டுக்கொள்கிறார்கள். மூன்றாமவர் மீது பழியை ஏற்றுவதுதான் அநாகரிகம் என்றால், உங்கள் சிலுவை என்ன? குற்றம் செய்தவர்களுக்குப் பதிலாகக் குற்றமற்ற ஒருவர் தண்டிக்கப்பட்டார் என்றுதானே ஊர் ஊராகப் பிரசங்கிக்கிறீர்கள்? கேள்வி நியாயமானது. நீதிபதி குற்றவாளியை விட்டுவிட்டு வழியில் போன நல்லவனைத் தூக்கிலிட்டான் என்பதுபோல் சிலுவையை விளக்கும் பிரசங்கம் உண்மையாக இருந்தால், பிரதான ஆசாரியன் காய்பா சொன்னதே சரியாகிவிடும். ஜனம் முழுவதும் கெட்டுப்போகாதபடி ஒரு மனிதன் சாவது நமக்கு நலம் என்பது அவனுடைய கணக்கு. யோவான் இதைக் கொலைக்குத் திட்டமிடுகிறவன் வாயில் வைத்து எழுதுகிறார் என்பதைக் கவனியுங்கள். காய்பா அறியாமலே ஒரு தீர்க்கதரிசனம் சொன்னான் என்றும் அவர் சேர்க்கிறார். ஆனால் அதனால் அவன் கணக்கு நியாயமாகிவிடவில்லை. நான்கு நற்செய்தியாளர்களும் ஒருவர் விடாமல் வற்புறுத்துவது, செத்தவர் குற்றமற்றவர் என்பதை. ஊரின் கொந்தளிப்பைத் தணிக்க ஒருவரைக் கூடிக் கொல்வதும், கொன்றபின் அவரே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நம்புவதும் மனித சமூகத்தின் பழைய பழக்கம் என்றும், நற்செய்திகள் அந்தப் பழக்கத்தைப் பலியானவர் பக்கம் நின்று காட்டிக்கொடுக்கின்றன என்றும் பிரெஞ்சுச் சிந்தனையாளர் ரெனே ஜிரார் நெடுங்காலம் எழுதி வந்தார். அவர் சொன்ன எல்லாவற்றையும் நான் ஏற்கவில்லை. பலி முழுவதையும் அவர் கும்பல் வன்முறையாகச் சுருக்கிவிடுகிறார், லேவியராகமத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு அவரிடம் இடமில்லை. ஆனால் சிலுவை கும்பலின் தீர்ப்பை உறுதிப்படுத்தவில்லை, தலைகீழாக்கியது என்பதில் அவர் சரி. அப்போஸ்தலருடைய நடபடிகளில் பேதுருவின் முதல் பிரசங்கங்கள் அனைத்தும் இந்த வடிவில் இருக்கின்றன: நீங்கள் கொன்றீர்கள், தேவன் எழுப்பினார். கீழ்க்கோர்ட்டின் தீர்ப்பு மேல்முறையீட்டில் ரத்தாயிற்று.

அப்படியானால் ‘நமக்காக’ என்ற சொல்லுக்குப் பொருள் இல்லையா? இருக்கிறது, அது முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. திருச்சபையின் பழைய போதனைப்படி சிலுவையில் இருப்பவர் வழியில் பிடித்து வரப்பட்ட மூன்றாம் ஆள் அல்லர். பாதிக்கப்பட்டவர், கடன்பட்டவர்களிடம் கணக்குக் கேட்கும் உரிமை உள்ளவர், அந்த நஷ்டத்தைத் தம்மேல் எடுத்துக்கொள்கிறார் என்பதே அந்தப் போதனை. 1098ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைப் பற்றி ஒரு நூல் எழுதிய அன்செல்ம், தம் காலத்துப் பிரபுக்களின் மான அவமானக் கணக்கில் அதைச் சொன்னார். பிறகு வந்தவர்கள் நீதிமன்றக் கணக்கில் சொன்னார்கள். கணக்கு எதுவானாலும், செலவு யார் கையிலிருந்து போகிறது என்பதை விட்டுவிட்டால் மொத்தமும் கெட்டுவிடும். மன்னிப்பு என்பது நஷ்டப்பட்டவர் தம் நஷ்டத்தைக் கடன்காரரிடமிருந்து வசூலிக்காமல் தாமே சுமப்பது. ஆகவே அதைச் செய்யும் உரிமையும் அவருக்கு மட்டுமே உண்டு. 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில் மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு சிறு பையன்களும் வண்டிக்குள் எரித்துக் கொல்லப்பட்டபோது, மன்னிக்கிறேன் என்று அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் சொன்னார். அதைச் சொல்ல அவருக்குத் தகுதி இருந்தது. அவர் மன்னித்துவிட்டார் என்பதற்காக வழக்கு நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. அவருடைய மன்னிப்பைத் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொண்டு, பார்த்தீர்களா, அவர்களே மறந்துவிட்டார்கள் என்று பேசிய அரசியல்வாதிகளுக்கு அந்தத் தகுதி கிடையாது.

கிறிஸ்தவர்கள் இந்த அளவையை எப்போதும் கடைப்பிடித்தார்களா என்றால், வெட்கக்கேடான அளவுக்கு இல்லை. பலியானவர் பக்கம் நின்று எழுதப்பட்ட கதையையே ஆயுதமாக்கி, யூதர்களை ஒரு மூன்றாமவராக்கி, நூற்றாண்டுக்கணக்கில் பெரிய வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் தெருக்களில் கல்லெறிந்த சமூகங்கள் ஐரோப்பாவில் இருந்தன. கிறிஸ்துவின் சாவுக்கு யூத இனம் முழுவதையும் பொறுப்பாக்கக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை முறையாகச் சொன்னது 1965 அக்டோபரில்தான். நமக்குப் பக்கத்தில் வந்தால், திருச்சி மேலப்புதூர் கல்லறையில் சாதிக்கென்று சுவர் நிற்கிறது. சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்பதை இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை ஒரு கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது 2016 டிசம்பரில். சீர்திருத்தச் சபைகள் இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆயர் தேர்தல் வரும்போதெல்லாம் சாதிக் கணக்கு எப்படி ஓடுகிறது என்பது ஊருக்கே தெரியும். ஆக, நான் இங்கே ஒரு சமயத்தின் மேன்மையைப் பேசவில்லை. எங்கள் நூலில் இருக்கும் ஓர் அளவைக்கு நாங்களும் தோற்றுக்கொண்டே இருக்கிறோம். தோற்பதால் அளவை பொய்யாகிவிடாது.

பரிகாரத்தின் அளவை யார் தீர்மானிப்பது என்ற கேள்வி இதைவிடக் கடினமானது. இந்திய அரசியலில் அது மிகக் கூர்மையாக எழுந்ததும் இந்த நகரத்தைச் சுற்றித்தான். 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி உண்ணாநோன்பு இருந்தார். 24ஆம் தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கரோடு தமிழ்நாட்டின் இரட்டைமலை சீனிவாசனும் எம்.சி. ராஜாவும் அதில் கையெழுத்திட்டார்கள். தீண்டாமை ஒழிப்பைச் சாதி இந்துக்களின் பிராயச்சித்தம் என்று காந்தி அழைத்தார். அடுத்த நாளே பம்பாயில் கூடிய இந்துத் தலைவர்கள், பிறப்பால் எவரும் தீண்டத்தகாதவர் அல்லர் என்று தீர்மானம் போட்டார்கள். மாத இறுதியில் இதற்கென்று ஓர் அமைப்பும் பிறந்தது. பின்னாளில் ஹரிஜன் சேவக் சங்கம் என்று பெயர் பெற்றது அதுதான். நவம்பரில் லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர் அந்த அமைப்பின் செயலாளர் தக்கர் பாபாவுக்கு நீண்ட கடிதம் எழுதினார். குடிநீர்க் கிணறு, பள்ளிக்கூடம், பொது வழி இவற்றில் உரிமையை நிலைநாட்ட ஊர் ஊராகப் போராடுங்கள், தொழிலிலும் வியாபாரத்திலும் எங்கள் ஆட்களுக்கு இடம் கொடுங்கள் என்பது அதன் சாரம். பதில் வரவில்லை என்று 1945இல் வெளியிட்ட நூலில் அவரே பதிவு செய்திருக்கிறார். காந்தியின் மனவேதனை போலி என்று நான் நினைக்கவில்லை. ஆனால் குற்றம் செய்த சமூகமே தன் பிராயச்சித்தத்தின் அளவையும் வேகத்தையும் தானே குறித்துக்கொண்டது. பாதிக்கப்பட்டவர் அனுப்பிய விலைப்பட்டியல் மேசையில் பிரிக்கப்படாமல் கிடந்தது. லேவியராகமத்தின்படி அது பாவநிவாரணம் ஆகாது. ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டியது உரியவன் கையில், ஆசாரியன் உண்டியலில் அல்ல. தாராவியின் தமிழரில் பெரும் பகுதியினர் ஆதிதிராவிடர். இந்த வேறுபாடு அவர்களுக்குப் புத்தகத்தில் படித்துத் தெரியவேண்டியது அல்ல.

பழையதைக் கிளறினால் புண் ஆறாது, விட்டுவிடுங்கள் என்பார்கள். இந்த அறிவுரையை நான் அடியோடு தள்ளவில்லை. அடுத்த வீட்டுக்காரனோடு ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தாக வேண்டிய தெருவில் மறதிக்கும் ஒரு பயன் உண்டு. ஆனால் விட்டுவிடுங்கள் என்று சொல்பவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் இழந்தவராக இருக்க மாட்டார். இன்னொரு எதிர்ப்பு வலுவானது. 1966இலும் 1993இலும் நடந்ததற்கு இன்று இருபது வயதுள்ள மராத்தி இளைஞன் எப்படிப் பொறுப்பாவான்? பிதாக்கள் திராட்சைக்காய் தின்று பிள்ளைகளின் பல் கூசுவதில்லை என்று எசேக்கியேல் 18ஆம் அதிகாரத்தில் அடித்துச் சொல்லவில்லையா? சொல்கிறார். அந்த இளைஞன் குற்றவாளி அல்லன். அவனைக் குற்றவாளியாக்குவது இன்னொரு மூன்றாமவரை உருவாக்குவதே. பொறுப்பு அரசிடம் இருக்கிறது, கட்சிகளிடம் இருக்கிறது, ஏனென்றால் அவை சாவதில்லை; பெயரும் சின்னமும் சொத்தும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்ததற்குக் கைமாறும்போது கடனும் சேர்ந்தே கைமாறுகிறது. 2022 தீர்ப்பு எந்தத் தனிமனிதனையும் தண்டிக்காமல் மகாராஷ்டிர அரசை 9 விழுக்காடு வட்டியோடு கொடுக்கச் சொன்னதன் தர்மம் அதுதான்.

நாகரிகம் என்ற பெயரில் வாயை அடைக்கிறீர்களா என்று ஒடுக்கப்பட்டவர் கேட்பதற்கும் பதில் சொல்ல வேண்டும். சகோதரனை மூடனே என்று திட்டுகிறவனைக் கொலையாளிக்குப் பக்கத்தில் நிறுத்திய அதே இயேசு, வேதபாரகரை விரியன்பாம்புக் குட்டிகள் என்றார், ஏரோதை நரி என்றார், காசுக்காரரின் பலகைகளைக் கவிழ்த்தார். முரணா? அவருடைய கடுஞ்சொற்கள் யாரை நோக்கிப் போயின என்று பார்த்தால் முரண் தீர்கிறது. அவை அதிகாரத்தில் இருப்பவரை நோக்கிப் போயின. பதிலடி கொடுக்க முடிந்தவரை நோக்கி. விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணையோ சமாரியரையோ நோக்கி ஒரு கடுஞ்சொல்கூட இல்லை. கோபத்தை நாகரிகம் தடுக்காது. கோபத்தை எளிய ஆளின் மேல் திருப்பிவிடுவதைத்தான் தடுக்கும். 1987 வில்லே பார்லே இடைத்தேர்தலில் மதத்தின் பேரில் வாக்குக் கேட்ட பேச்சுக்காக உச்ச நீதிமன்றம் 1995இல் அந்த வெற்றியைச் செல்லாதது என்றது. பேசிய கட்சித் தலைவரின் வாக்குரிமையும் பின்னர் ஆறு ஆண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பு தடுத்தது கடுமையான பேச்சை அல்ல. மேடையில் இல்லாத ஒரு சமூகத்தைக் காட்டி மேடையில் இருப்பவர்களை ஒன்றாக்குவதை. தமிழ்நாட்டு மேடைகளில் எதிர்க்கட்சித் தலைவரைப் பற்றி வரும் கொச்சைப் பேச்சு எனக்கும் அருவருப்புத் தருகிறது. ஆனால் சொற்களைச் சுத்தப்படுத்திவிட்டால் அரசியல் சுத்தமாகிவிடும் என்று நினைப்பவர்கள் ‘மார்மிக்’ பட்டியலை நினைக்க வேண்டும். அதில் பெயர்கள் மட்டுமே இருந்தன.

இப்படிப் பரிகாரம் செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் இனவெறி அரசின் காவல்துறை அமைச்சராக இருந்த ஏட்ரியன் ஃப்ளாக், 2006 ஆகஸ்டில் போதகர் ஃப்ராங்க் சிகானேயின் அலுவலகத்துக்குப் போய் அவர் கால்களைக் கழுவினார். சிகானேயின் உடைகளில் நஞ்சு தடவிக் கொல்ல 1989இல் முயற்சி நடந்திருந்தது. கிறிஸ்தவ உலகம் அந்தக் காட்சியில் உருகியது. தெரிந்த எல்லாவற்றையும் அவர் இன்னும் சொல்லவில்லை என்று பாதிக்கப்பட்டவர்களில் பலர் உருகாமல் நின்றார்கள். இரண்டாம் தரப்பின் பக்கம்தான் எனக்கு மனம் சாய்கிறது. அடுத்த ஆண்டு அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்தாண்டு ஒத்திவைக்கப்பட்ட தண்டனை பெற்றார் என்பதால்தான் அந்தக் கால் கழுவலுக்கு ஏதோ ஓர் எடை கிடைக்கிறது. மற்றது நம் பக்கத்து ஊர். 1984இல் பற்றியெரிந்த பிவண்டியில், 1988ஐ ஒட்டிக் காவல் அதிகாரி சுரேஷ் கோப்டே தெருத்தெருவாக மொஹல்லா கமிட்டிகளை அமைத்தார். 1992 டிசம்பரில் மும்பை எரிந்தபோது பிவண்டி எரியவில்லை. கலவரத்துக்குப் பிறகு மும்பையிலும் ஜூலியோ ரிபைரோ, சதீஷ் சாஹ்னி, சுஷோபா பார்வே போன்றவர்கள் அதே வழியில் கமிட்டிகளை வளர்த்தார்கள். தாராவியில் பாவு கோர்டேயும் வகார் கானும் ஊர் ஒற்றுமைக்காகப் படமும் சுவரொட்டியும் தயாரித்தார்கள். அந்தக் கமிட்டிகளில் உட்கார்ந்தவர்கள் ஒருவரையொருவர் திட்டாமல் பேசினார்கள் என்பது சிறிய செய்தி. யாரைப் பற்றி வதந்தி கிளம்பியதோ அவரே அந்த அறையில் இருந்தார் என்பதுதான் பெரிய செய்தி.

இப்போது தாராவிக்கு வேறொரு கணக்கெடுப்பு வந்திருக்கிறது. மறுசீரமைப்புத் திட்டத்தின்படி, 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததைக் காட்டும் காகிதம் உள்ளவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். 2011 தொடக்கம் வரை வந்தவருக்கு வெளியே எங்கோ, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு. அதற்குப் பிறகு வந்தவரும் மாடியில் குடியிருப்பவரும் வாடகை வீட்டுத் திட்டத்தில். அந்த ‘வெளியே’ எங்கே என்று அலசும்போது முலுண்ட் உப்பளமும் தேவ்னார் குப்பைமேடும் பேச்சில் அடிபடுகின்றன; தேவ்னார் காற்று எப்படி இருக்கும் என்று செம்பூர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மூன்று தலைமுறையாக இங்கிருக்கும் திருநெல்வேலிக் குடும்பங்கள் பலவற்றிடம் பழைய ரேஷன் கார்டும் வாக்காளர் பட்டியலும் இருக்கும். அவர்கள் மாடியில் வாடகைக்கு இருக்கும் உத்தரப் பிரதேசத்துத் தையல்காரரிடமும் பை தைக்கும் பிகார்ப் பையனிடமும் இருக்காது. தகுதியுள்ளவர்களைச் சமாதானப்படுத்தினால் போதும், தகுதியற்றவர்கள் தாமே கரைந்துபோவார்கள் என்பது எந்த நிர்வாகத்துக்கும் தோன்றும் கணக்கு. கட்சிகளும் இதில் விரைவில் மிகுந்த பண்போடு உடன்பட்டுவிடக் கூடும். நம் தமிழ்ச் சங்கங்களும் சபைகளும் அரசுக்குக் கொடுக்கும் மனுக்களில் இதுவரை கேட்டிருப்பது பெரும்பாலும் நம் சதுர அடியை. மாடியில் இருப்பவருக்கும் தாராவிக்குள்ளேயே இடம் வேண்டும் என்ற கோரிக்கையை அதே மனுவில், அதே கையெழுத்துகளுக்கு மேலே சேர்க்க வேண்டும். அதை எழுதும்போது அந்தத் தையல்காரரையும் மேசைக்கு அழைத்து, அவர் என்ன கேட்கிறார் என்று கேட்டு எழுத வேண்டும். தகுதிப் பட்டியல் இறுதியாகிவிட்டால் பிறகு மேல்முறையீடுதான்.